ரசீதின் பின்பக்கம்

முதலியார்பேட்டை ஷெட்டில்
பதினொரு வயதுச் சிவப்பு கூப்பே
பானெட் திறந்து நிற்கிறது.
பழைய ரசீதின் பின்பக்கம்
கஸ்பார் எழுதுகிறார்:
டர்போ. சஸ்பென்ஷன். சைலன்சர். பிரேக்.
சீட்டுப் பணம் ஒன்றே முக்கால் லட்சம்;
நாலும் அதில் அடங்காது.

வண்டியைத் தாழ்த்தினால் அழகுதான்.
வில்லியனூர் வேகத்தடைகள்
வயிற்றைக் கிழித்துவிடும்.
சைலன்சரைக்
கடற்காற்று எப்படியும் தின்னும்.

டர்போ என்றதும்
என் வலது கால் தானாக அழுந்துகிறது,
சிமெண்டுத் தரையில்.
அவர் அதைப் பார்த்துவிட்டார்.

போன மாதம், விடியுமுன்,
காலாப்பட்டு தாண்டி ஒரு நாய்.
பம்பருக்கும் அதற்கும் இரண்டு விரல்.
திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.
யாரிடமும் சொல்லவில்லை.

"முன்னாடி பெரிய டிஸ்க் போடுங்க."

மற்றவற்றை அடித்துவிட்டார்.
டர்போ மேல் மட்டும்
கோடு மெலிசு.
வாசிக்க முடிகிறது.