சதேம்

பீன்யாவிலிருந்து மாதேசன் கூப்பிட்டார்.
"மேடம், சதேம்னா என்ன?
காதுல வர்ற வியாதியா?"

எனக்கும் புரியவில்லை.
அனுப்பிய வரைபடத்தைத் திறந்தேன்.
சேதத்தின் இரட்டைக்கொம்பு
சகரத்தை விட்டு நழுவி
தகரத்துக்கு முன்னால் போய் நின்றிருந்தது.
(பத்தொன்பது வருஷமாகத்
தகரத்துக்கு முன்னால்தான் நிற்கிறார் அவரும்.)
நேரம் நரேம் ஆகியிருந்தது.
மாதேசன் மாதசேன்:
ஏதோ படையெடுப்பில் தோற்றுப்போன
வடக்கத்தி ராஜா மாதிரி.

"சேதம்" என்றேன் போனில்.
"என்னது?"
"சே... தம்."
"ஏ... அம்?"
நாலாயிரம் ஹெர்ட்ஸில் அவருடைய கோடு
கயிறறுந்த வாளியாக இறங்குவதை
நான்தான் வரைந்தேன்.
பவர் பிரஸ் முதலில் தின்பது மெய்யெழுத்துகளை.
உயிரெழுத்து மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்
இன்னும் கொஞ்ச நாள்.
என் திரையில் நேர் எதிர்.
மெய்யெல்லாம் அதனதன் இடத்தில்,
உயிர்க்குறிதான் வீடு மாறிப் போயிருந்தது.
அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
"திருத்தி அனுப்புறேன்ணே" என்று
மூன்று முறை கத்தினேன்.

போன வாரம் எல்லாமே கட்டங்கள்.
தலைப்பு கட்டம், அச்சு கட்டம், ஆள் பெயர் கட்டம்.
தமிழ் எழுத்துருவைக் கொடுத்தேன்.
பழையதையே நினைத்துக்கொண்டு அடம்பிடித்தது.
கேஷை அழித்தேன்.
எழுத்துகள் வந்தன,
தட்டிய வரிசையிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக,
மெட்ரோ கவுண்டரில் நிற்பதுபோல.
பின்னால் வந்தாலும்
முன்னால் நிற்க வேண்டியது கொம்பு என்று
அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.
கட்டங்கள் போன சந்தோஷத்தில்
நானும் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.
நூலகம் என்கிறோம் இதை.
எழுத்துக்கூட்டத் தெரியாத நூலகம்.

பக்கத்து மேசையில் ஸ்பூர்த்தி
கன்னடப் பிரதியோடு உட்கார்ந்திருந்தாள்.
அவளுடைய ஒத்தெழுத்துகள்
கீழே இறங்க மறுத்து
பக்கத்தில் தோளுரசி நின்றன.
"நிந்தூ ஹாகேனா?" என்றாள்.
ஆளுக்கொரு மொழியில் திட்டினோம்.
கீழே தர்ஷினியின் ஷட்டர் இறங்கியது.

வேறொரு அச்சுக்கோப்பு எந்திரத்துக்கு மாற்றினேன்.
அதற்கு டாலர் என்றால் கணக்கு ஆரம்பம்.
கீழ்க்கோடு என்றால் காலடி எழுத்து.
விழுக்காட்டுக் குறி என்றால்
அதற்கப்புறம் வரும் எதையும்
படிக்க வேண்டாம் என்று அர்த்தம்.
'தொழிலாளர்களில் 62% பேருக்குக்
கேட்கும் திறனில் சேதம்'
என்ற தலைப்பு
'தொழிலாளர்களில் 62' என்று
பிழைச்செய்தி ஏதுமின்றி
சுத்தமாக வந்து நின்றது.
கம்பெனிக்காரர்கள் பார்த்திருந்தால்
ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

இரவு இரண்டு பத்துக்கு
அந்த எந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு
எழுத்துகளைக் கோக்கத் தெரிந்த
இன்னொன்றைப் பொருத்தி ஓடவிட்டேன்.
ஒரு நிமிஷம் வெள்ளைத் திரை.
பிறகு சேதம் வந்தது,
கொம்பு சகரத்துக்கு முன்னால்,
புள்ளி மகரத்தின் தலையில்.
நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்பூர்த்தியை உலுக்கி
"நோடு, சேதம்! சேதம்!" என்று குதித்தேன்.
அவள் பயந்துபோய் எழுந்து
ஜன்னலைப் பார்த்தாள்.

ஒன்றுதான் பாக்கி.
மேல் மூலையில், பத்துக்கு முன்னால்,
கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில்
இன்னும் ஒரு சின்னக் கட்டம்.
ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும்.
எழுதப் போய், நிறுத்தினேன்.
பூஜ்யத்துக்கும் அந்தப் பக்கம் அது.
அடுத்த அறையில் ஊசி விழுந்தால்
திரும்பிப் பார்க்கிற காதுகளுக்கான இடம்.
பட்டியலில் நூற்று நாற்பத்து மூன்று பேர்.
ஒருவருடைய கோடும்
அங்கே போகவில்லை.