பங்குதாரர்

ஒன்பதரைக்குத் தொடக்கம் என்று கடிதம்.
பத்தேகாலுக்குத்தான் வான் வந்தது.
ஹோட்டல் மண்டபத்தில் குளிரூட்டி
தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்க,
இடைக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சற்குணதேவி
சேலைத் தலைப்பால் இரண்டு தோளையும் மூடி
கதவோரக் கதிரையில் இருந்தா.
மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

நான் கண்ணாடிப் பெட்டிக்குள்.
காதில் ஒரு மொழி, வாயில் ஒரு மொழி.
நாட்கூலி. மத்தியானச் சாப்பாடு அவர்களுடையது.

வொஷிங்டனில் இருந்து வந்தவர் நல்ல மனுசன்.
உண்மையாகத்தான் சொல்கிறேன்.
பலாலியில் இறங்கி வரும் வழியிலேயே
வணக்கத்தைப் பாடமாக்கியிருந்தார்.
கடல் பெருகினால்
எல்லாப் படகும் உயரும், என்றார்.
மாற்றிச் சொன்னேன்.
குருநகர்ச் சங்கத்து மரியநாயகம்
மைக்கை எடுக்காமலே சொன்னார்:
"நங்கூரக் கயிறு கட்டையெண்டால்
பெருக்கத்தில படகு தாழும், ஐயா."
அதையும் மாற்றிச் சொன்னேன்.
அவர் சிரித்தார். யாரோ குறித்துக்கொண்டார்கள்.

பிறகுதான் அந்தச் சொல் வந்தது.
முதல் நாளே தந்த சொற்பட்டியலில்
ஏழாவதாக இருந்த சொல்.
நீங்கள் எல்லாரும் பங்குதாரர்கள் என்றேன்,
அவருடைய குரலின் ஏற்ற இறக்கத்தோடு.

சற்குணதேவி கை உயர்த்தினா.
"பங்குதாரர் எண்டால்
எங்கட பங்கு எவ்வளவு?"

ஒலிவாங்கிப் பொத்தானில் என் விரல்
அப்படியே நின்றது.
அந்தச் சொல்லின் ஆங்கிலத்துக்குள் பங்கு இல்லை.
ஒரு கட்டைதான் இருக்கிறது,
காணி அளக்கும்போது மூலையில் அறைகிற கட்டை.
சங்கிலியை வேறு யாரோ இழுக்க
அதைப் பிடித்துக்கொண்டு
வெயிலில் நிற்கிற ஆள்.

இதை நான் சொல்லவில்லை.
கேள்வியை மட்டும் அனுப்பினேன்.
மிக முக்கியமான கேள்வி என்றார்.
பச்சைப் பேனையால் வெள்ளைத் தாளில் எழுதினார்கள்.
எழுதினது வேறு சொல்.

பையிலிருந்து ஒரு கொப்பி வந்தது.
நாற்பது பக்கம், அட்டையில் பெருக்கல் வாய்பாடு.
வாசிக்கத் தொடங்கினா:
"மாசி பதினெட்டு, வெங்காயம் கிண்டினது.
மாசி இருபது, வர்த்தமானி, இறக்குமதி வரி குறைஞ்சது.
மாசி இருபத்தேழு, சுன்னாகத்தில பாதி விலை.
பங்குனி ரெண்டு, காப்பு ஈடு."
பக்கம் திருப்பினா.
அடுத்த வருசம். அதே மாசி.
"வரியைக் குறைக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை.
கொழும்பில வாங்கித் தின்னுற சனமும் சனம்தானே.
கிண்டுற ஆறு கிழமையை மட்டும் விடுங்கோ."

ஆறு கிழமை.
எந்த மொழிக்கும் கஷ்டமில்லாத சொற்கள்.

வரியின் திகதி
அரசாங்கத்தின் இறைமைக்குட்பட்டது,
நாங்கள் ஆலோசனை மட்டுமே, என்றார் அவர்.
அது நிதியத்தின் நிபந்தனை,
நாங்கள் நிறைவேற்றுகிறோம், என்றார்
பக்கத்துக் கதிரையில் அமைச்சு அதிகாரி.
இரண்டையும் நானே சொன்னேன்,
ஒரே குரலில்,
ஒரு மூச்சு இடைவெளியில்.
சற்குணதேவி மேடையைப் பார்க்கவில்லை.
கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தா.

மத்தியானச் சாப்பாட்டில் சலாட்.
வட்டம் வட்டமாகப் பெரிய வெங்காயம்.
மரியநாயகம் ஒன்றைத் தூக்கி
வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்து
"கடல் தாண்டி வந்தது" என்று
மரியாதையோடு தின்றார்.

ஆவணியில் அறிக்கை வந்தது,
தமிழாக்க எனக்கே.
ஆறு கிழமையைத் தேடினேன்.
'பருவகாலக் கரிசனைகள்' என்று
அவ வாயில் ஒருபோதும் வராத சொல்லாக
நாற்பத்தோராம் பக்கத்தில் கிடந்தது.
பின்னிணைப்பில் ஒரு வரி:
யாழ்ப்பாணம், கலந்துகொண்டோர் முப்பத்திரண்டு.
எண்ணிப் பார்த்தேன்.
வந்தது முப்பத்தொன்று.
என்னையும் சேர்த்திருக்கிறார்கள்.

கட்டை பிடிப்பவர் என்று அடித்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மின்வெட்டு வருகிற நேரம்.
அழித்து,
பட்டியலில் உள்ளபடி
பங்குதாரர் என்று அடித்தேன்.
சொல்லுக்கு நாலு ரூபா.