இரண்டு மில்லிமீட்டர்

இன்வர்கார்கிலில் அக்டோபர் என்றால்
இரண்டு மழைக்கு நடுவே புல் வளரும்.
கணுக்கால் மறைந்தாயிற்று.
இன்னும் ஒரு வாரம் போனால்
தபால்காரி என் கதவைத் தேட வேண்டியிருக்கும்.

ஷெட்டில் நிற்கிறது
அறுபத்தேழில் பிறந்த புல்வெட்டி.
ஒரு காலத்தில் பச்சை என்பதற்குக்
கைப்பிடியின் அடிப்பக்கம் மட்டும் சாட்சி.
வீட்டோடு சேர்ந்து வந்தது.
விற்றவர்களுக்குத் தூக்கிப் போகச் சோம்பல்.
நான் வாங்கியதில் ஒழுகாதது அது ஒன்றுதான்.

மார்ச்சில் பக்கத்து வீட்டு யூவன் மெக்கர்ச்சர் இரவல் கேட்டான்.
இரண்டே நாளில் திருப்பித் தந்தான்,
கழுவித் துடைத்து,
மேலே ஒரு ஜாடி ருபார்ப் ஜாமும் வைத்து.
"ஓடிக்கிட்டே இருந்துச்சு, லோர்னா. தானா நின்னுடுச்சு."
வயசாச்சுல்ல, என்றேன்.
ஜாம் நன்றாக இருந்தது.
கொஞ்சம் அதிகமாகவே.

ஞாயிறு. வானம் மனம் மாறுவதற்குள்
பழைய துண்டை விரித்து ஸ்பேனர்களைப் பரப்பினேன்.
முதலில் பெட்ரோல். குளிர்காலம் முழுக்கக் கிடந்து
வார்னிஷ் வாடை. கொட்டிவிட்டுப் புதியது ஊற்றினேன்.
கயிற்றை இழுத்தால் ஒரு தும்மல்,
அதற்குமேல் பேச்சில்லை.
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்து இழுத்தேன்:
நீலமாய், கொழுத்த பொறி.
துளையைக் கட்டைவிரலால் அடைத்தேன்:
விரலை எட்டித் தள்ளுகிறது, மூச்சுக்குப் பஞ்சமில்லை.
கார்புரேட்டரைப் பிரித்து
ஊசித்துளையைக் கிதார் கம்பியால் குத்தினேன்.
கிதார் மகளுடையது. அவளுக்குத் தெரியாது.
எல்லாம் மாட்டி, மறுபடி இழுத்தேன்.

இந்த முறை கயிறு என்னை இழுத்தது.
கார்புரேட்டர் வாயில் ஒரு தீ நாக்கு.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
பால்பவுடர் ஆலையின் இரவு ஷிப்டில் மட்டும் பேசுகிற சொற்களை
ஷெட்டுக்குள் பேசினேன்.

பாதித் தேநீரில் உறைத்தது.
எண்ணெய் உண்டு, காற்று உண்டு, நெருப்பு உண்டு.
தாளம்தான் தப்புகிறது.

ஃபிளைவீல் நட்டு முரண்டு பிடித்தது.
ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி
முழு உடம்பையும் தொங்கவிட்ட பிறகே இறங்கி வந்தது.
உள்ளே, தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே
நகத்தளவு உலோகம்.
சாவி என்று பெயர், எந்தப் பூட்டையும் திறக்காது.
சக்கரம் தண்டின்மேல் நழுவாமல் பார்த்துக்கொள்வது
அதன் ஒரே உத்தியோகம்.
இடுப்பொடிந்து கிடந்தது.
கீழ்ப்பாதி தண்டோடு நின்றிருக்கிறது,
மேல்பாதி சக்கரத்தோடு கிளம்பியிருக்கிறது,
இரண்டு மில்லிமீட்டர்.
அது போதும், பிஸ்டன் வந்து சேருமுன்
பொறி முந்திக்கொள்வதற்கு,
கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவனைப் போல.

கேட்பதற்கு முன்பே
ஜாம் கொடுக்கிறவனைப் போல.

தானாக நின்ற எஞ்சினில் இது ஒடியாது.
சுழலும் பிளேடு
அசையாத எதிலாவது போய் முட்ட வேண்டும்.
வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.
யூவனின் புல் நடுவே மாக்ரோகார்பா அடிக்கட்டை,
அதன்மேல் ஒரு ஜெரேனியம் தொட்டி.
தொட்டி போதவில்லை.
ஓரத்தில் தெரிந்தது பிளேடின் வாய்.

இரும்பில் ராவிப் போட்டால் ஜென்மத்துக்கும் ஒடியாது,
கோபத்தில் அரத்தைக்கூட எடுத்துவிட்டேன்.
ஆனால் அடுத்த முறை ஒடிவது தண்டாக இருக்கும்.
தெரிந்தேதான் இதை மெத்தென்று செய்திருக்கிறார்கள்.
டே தெருக் கடையில் ராய்லீன்
பிஸ்கட் டப்பாவைக் கிளறி ஒன்று எடுத்தாள்.
நான்கு டாலர்.

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.
நீலப்புகை. தெருவே திரும்பும் சத்தம்.
யூவன் வீட்டுச் சமையலறைத் திரை
ஒரு சாண் விலகி மூடிக்கொண்டது.

புல்லை வெட்டி முடித்து
ஜாடியைக் கழுவினேன்.
ஒடிந்த சாவியை உள்ளே போட்டு, மூடியை இறுக்கி
அவன் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.
எதுவும் எழுதவில்லை.

வியாழன் மாலை ஜாடி என் படியில் இருந்தது.
கழுத்துவரை ஜாம்,
மூடியில் செலோடேப் போட்டு ஒட்டிய ஐந்து டாலர்.
மீதி ஒரு டாலரை
இன்னும் நான் திருப்பித் தரவில்லை.