ஒன்பது

வலயக் கல்வி அலுவலகத்தில் தந்த தாளைப்
பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு
மண்டூர்ப் பாதையில் ஏறினேன்.
பாதை என்றால் இங்கே தெருவல்ல,
வாவியைக் கடக்கும் மிதவை.

நடு வாவியில் பிரித்தேன்.
மாகாணம் முழுவதும் தரம் நான்கு.
தமிழ், எழுத்து, வினா பன்னிரண்டு:
'உமது ஊரில் மழை பெய்த நாளொன்றைப் பற்றி எழுதுக.'
எங்கள் பாடசாலைக்கு நேரே முப்பத்தொரு கட்டம்.
மூன்று, ஒருத்திக்கு.
இரண்டு, நாலு பேருக்கு.
ஒன்று, ஏழு.
மிச்சம் பத்தொன்பது பேருக்கும் ஒன்பது.

"ஒன்பதா? நல்ல புள்ளிதானே ரீச்சர்"
எட்டிப் பார்த்த மீன்காரர் சொன்னார்.
புள்ளியில்லை அண்ணன், குறியீடு.
ஒன்பது என்றால் வெற்று.
பிள்ளை பென்சிலைத் தாளில் வைக்கவேயில்லை.

"மழை தெரியாத பிள்ளையளோ?"

இந்தத் தையில்
வெல்லாவெளி வீதி மூன்று நாள் தண்ணிக்குள் கிடந்தது.
தோணியில் ஏற்றிய பிள்ளைகள் இவர்கள்.
மழை தெரியும். வேறென்னவோ.

கூட்டத்தில் சொன்னார்கள்:
மழைக் கட்டுரை ஒன்றைப் பாடமாக்கச் சொல்லுங்கள்,
அடுத்த முறை வெயில் வரலாம், அதையும்.
குறித்துக்கொண்டேன். செய்யவில்லை.

அன்றிரவு
ஒன்பதுகாரர் கொப்பிகளை இடப்பக்கம் அடுக்கினேன்,
மற்றவர்களுடையதை வலப்பக்கம்.
எழுத்துப்பிழை எண்ணுவதாகத்தான் நினைப்பு.
பத்தாவது கொப்பியில் கை நின்றது.
நான் எண்ணிக்கொண்டிருந்தது
என் சிவப்பை.

கோகிதன் 'மறுகா' என்று எழுதிய இடமெல்லாம்
வெட்டி, மேலே
பின்னர், பின்னர், பின்னர்.
மாசியில் பதினாறு வரி எழுதியிருந்தான்.
பங்குனியில் ஆறு.
வைகாசியில் திகதி மட்டும்,
அதன் கீழே நேரான அடிக்கோடு.

சிவப்புப் பேனையை
அலுமாரிக்குள் பூட்டினேன் என்று முடித்தால்
நன்றாயிருக்கும்.
பூட்டவில்லை. பழகின கை.
புதன்கிழமை வெட்டுவதில்லை என்று மட்டும்
கரும்பலகையில் எழுதிக் கையொப்பம் வைத்தேன்.
புதனில் நான் கேள்விதான் எழுதலாம்.
பதிலை அவர்கள் எழுதவேண்டும்,
வாயால் சொல்லக்கூடாது.

'மறுகா தண்ணி வந்த.'
எதற்குள்ளால்?
'கோழிக்கூட்டுக்குள்ளால.'
கோழி?
'அம்மா தூக்கின. என்ன அப்பா தூக்கின.'
மறுகா?
(என் கையெழுத்தில் அந்தச் சொல்
அதுதான் முதல் தரம்.)
'மறுகா கொப்பி நனைஞ்ச.
அதான் ரீச்சர் நான் அண்டைக்குக் காட்டல்ல.'

அண்டைக்கு
அவனை வெளியே நிற்க வைத்திருந்தேன்.

கார்த்திகையில் இரண்டாம் சுற்று.
தாள் வந்தது.
ஒன்பது, நாலு பேர்.
பூச்சியம், பதினாலு.
ஒன்று, எட்டு.
மேலே இருந்த ஐவரும் இருந்த இடத்தில்.

"சராசரி அண்டைக்கும் தசம் ஆறு
இண்டைக்கும் தசம் ஆறு" என்றார்
உதவிப் பணிப்பாளர்.
"முன்னேற்றம் ஒண்டையும் காணல்லயே ரீச்சர்."
அவருடைய வரைபடத்தில்
எழுதாமல் விட்டவனும்
எழுதிப் புள்ளி கிடைக்காதவனும் ஒரே உயரம்.
சேர், பதினைந்து பேர் எழுதியிருக்கிறார்கள் என்றேன்.
அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று
உண்மையாகவே கேட்டார்.
எனக்கும் தெரியவில்லை.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும்போது அதே பாதை,
அதே மீன்காரர்.
"இந்த முறை என்னவாம்?"
பூச்சியம் அண்ணன், பதினாலு பூச்சியம்!
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல,
சைக்கிளோடு நின்றவர்கள் திரும்பினார்கள்.

அவர் ஒன்றும் பேசவில்லை.
நான் வாங்கிய செப்பலிக்கு மேலே
இரண்டைக் கூடப் போட்டார்,
பாவம் என்று.