தடைக்காலச் சேர்க்கை

பள்ளி திறந்த அன்று பன்னிரண்டு பேர்.
வாரக் கடைசியில் இருபத்தொன்று.
படகுகள் கரையில் கட்டிக் கிடந்ததால்
வேன் காசு கட்ட முடியாத வீடுகள்
டை கட்டாமல் பிள்ளைகளை அனுப்பின.

உப்புமுனை ஒன்றியத் தொடக்கப் பள்ளி.
இரண்டு அறை, இரண்டு ஆசிரியைகள்,
வெட்டச் சொல்லி மூன்று மனுப் போட்டும்
நிற்கிற ஓர் உடைமரம்.
புதுப் பெயர்களை எழுதும்போது
பேனாவை லேசாகத்தான் அழுத்துகிறேன்.

ஜெர்சனின் சட்டைப் பையில் இன்னும்
அந்தப் பள்ளியின் முத்திரை, பாதி பிரித்த நூலோடு.
"பிரசன்ட் மிஸ்" என்றான் முதல் நாள்.
வகுப்பே சிரித்தது.
மூன்றாம் நாள் "உள்ளேன் டீச்சர்."
ஐந்தாம் நாள் இரண்டாவது முட்டைக்கு
மறுபடியும் வரிசையில் நின்றான்.

போன வருஷத் தேர்வில் ஒரு கேள்வி:
பருவங்கள் யாவை?
ஹமீதா எழுதியிருந்தாள்:
தடைக்காலம், பாசிக்காலம், வாடைக்காத்து,
அத்தா சவுதியிலிருந்து வரும் காலம்.
அரை மதிப்பெண் போட்டேன்.
அடித்து முழுசாக்கினேன்.
ஆய்வுக்கு வந்த அலுவலர்
அதைச் சுழித்து மீண்டும் அரையாக்கி
"இப்படி இருந்தா தரம் எப்படிங்க உயரும்?" என்றார்,
கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

ஆள் குறைந்தால் பிலோமினாவைத்
திருவாடானைப் பக்கம் மாற்றிவிடுவார்கள்.
அதனால் சாயங்காலம் இருவரும்
ஓட்டுக் கேட்கிறவர்களைப் போல
நோட்டீசோடு வீடு வீடாகப் போனோம்.

பாசி எடுத்துக் கரையேறிய நம்புக்கனி
முழங்கால் மணலைத் தட்டாமலே கேட்டாள்:
"எல்லாம் சரி டீச்சர்,
ஒங்க மகன் எங்க படிக்கிறான்?"
பிலோமினா நோட்டீசை மடித்தாள்,
மடித்ததை இன்னொரு தடவை மடித்தாள்.
"ராமநாதபுரத்துல" என்றேன்.
ஊரை மட்டும் சொன்னேன்.
அவள் மேலே கேட்கவில்லை.
விரலில் சுற்றியிருந்த துணியைப்
பல்லால் இறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பதினைந்தாம் தேதி படகுகள் போயின.
இறால் நல்ல பாடு என்றார்கள்.
நானும் சந்தோஷப்பட்டேன், சத்தியமாக,
ஒரு நாள் முழுக்க.

அடுத்த வாரம்
மாற்றுச் சான்றிதழுக்கு நான்கு அப்பாக்கள்,
சட்டையெல்லாம் டீசல் வாசம்.
ஜெர்சனின் அப்பா முகம் பார்க்காமல்
ஒரு பை இறாலை ஜன்னலில் வைத்தார்.
வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்.
அன்று ராத்திரி குழம்பு வைத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
நால்வருக்கும் ஒன்றே எழுதினேன்:
பெற்றோர் விருப்பம்.
நடத்தை: நன்று.

மறுநாள் பெயர் கூப்பிடும்போது
பழக்கத்தில் அவன் பெயரையும் வாசித்துவிட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை.
பென்சிலைச் சீவிக்கொண்டே
ஹமீதாதான் திருத்தினாள்:
"அவன் தடைக்காலத்துக்கு வருவான் டீச்சர்."