ஒரு நிமிஷம் இரு

சனிக்கிழமை, தம்மாம் ரயில் நிலையம்.
பைகளை எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்பிவிட்டுப்
பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொள்கிறார்,
போன தீபாவளிச் சட்டையில்.
விசிட் விசாவில் வந்த எனக்கு
இது நாற்பத்தியோராம் நாள்.
டிக்கெட்டில் மரகதவல்லிக்கு இடம் போதவில்லை.
'மரகதவ' என்பவளுக்கு ஜன்னலோரம்.
காசிலிங்கத்துக்குப் பக்கத்து இருக்கை.

பதினோரு வருஷம் இந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில்
கேபிள் புதைத்தவர்
இன்றுதான் முதல்முறை ஏறுகிறார்.
படியில் கால் வைக்கும்போது
யாரோ கூப்பிட்டதுபோல்
ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அப்கைக் வரும்வரை வாயே திறக்கவில்லை.
பிறகு மூடவில்லை.
'அதோ மஞ்சள் கம்பம், தொண்ணூற்றாறாவது கிலோமீட்டர்.
அந்த டப்பாவுக்குள்ள நாலு சிவப்பு வயர், ரெண்டு நீலம்.
இங்கதான் ஒட்டகம் எங்க தண்ணி டிரம்மைக் கவுத்துச்சு.
வேலிக்குப் பின்னால டெண்ட்டு.
ஒரு நேபாளிப் பையன் ராத்திரி பூராவும் இருமுவான்.'

பார்த்தேன்.
மணல். மணல்மேல் காற்று இழுத்த கோடு.
கிழிந்த நீல பிளாஸ்டிக் ஒன்று.

அப்போதுதான் உறைத்தது.
ஊரில் பத்து மணி, இங்கே ஏழரை.
பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில்
'ஒரு நிமிஷம் இரு, வண்டி போகுது' என்பார்.
என் காதுக்குள் இரும்பு அரைபடும்.
பால் கணக்கோ, மகளின் காய்ச்சலோ,
கொழுந்தன் கேட்ட கடனோ,
சொல்லிக்கொண்டிருந்ததைப் பிடித்தபடி நிற்பேன்
அடுப்படியில், கரண்டியோடு.
வண்டி போனதும் 'என்ன சொன்னே?' என்பார்.
'ஒண்ணுமில்ல' என்பேன்.
அப்படிச் சொன்ன ஒரு ஒண்ணுமில்லவில்
இரண்டரை மாசக் கரு ஒன்று கலைந்திருந்தது.
அடுத்த வெள்ளிக்கிழமைதான் சொன்னேன்.

அந்த ஒரு நிமிஷத்துக்குள்
இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.
ஏசி. கால் நீட்ட இடம்.
காகிதக் கப்பில் சுலைமானி.
எதிர் இருக்கையில் ஒரு குழந்தை
சிப்ஸை ஒவ்வொன்றாக நக்கிவிட்டுத் தின்கிறது.
சத்தமே இல்லை.
இவ்வளவு அமைதியாகவா போனீர்கள்,
பாவிகளா.

ஹசாவில் இறங்கினோம்.
கைசரிய்யா சந்தையில் நான் தமிழில் பேரம் பேசினேன்,
கடைக்காரர் அரபியில் மறுத்தார்,
நடுவில் நின்று இவர் இந்தியில் சிரித்தார்.
நம்மூர்க் காசில் பெருக்கிப் பார்க்காதே என்று
காலையிலேயே சொல்லியிருந்தார்.
பெருக்கினேன். சிவப்பரிசியைத் திரும்ப வைத்தேன்.
தெருக்கோடிவரை வந்தவர்
சொல்லாமல் திரும்பிப் போய் வாங்கி வந்தார்.
தொழுகைக்கு அடைத்த கடையின் படியில் உட்கார்ந்து
பேரீச்சை ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம்.
பெரிய பாதி எனக்கு வந்தது,
எப்படி என்று பார்க்கவில்லை.

காரா மலைக் குகைக்குள் அப்படியொரு குளிர்ச்சி.
பாறையில் முதுகைச் சாய்த்தவர்
நின்றபடியே தூங்கிவிட்டார்.
சுற்றுலா வந்தவர்கள் எங்களைச் சுற்றி நடந்தார்கள்.
செருப்பைக் கழற்றிவிட்டு நானும் நின்றேன்,
காவலுக்கு நிற்பவள் மாதிரி.
விழித்ததும் சொன்னார்:
'ரிப்பேருக்கு ஆளே தேவைப்படாத ஏசி இது.'

திரும்பும் வண்டியில் இருட்டு.
காட்டுவதற்கு இவரிடம் கம்பங்கள் இல்லை,
ஜன்னலில் எங்கள் முகங்கள்தான்.
கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு
கண்ணாடியோடு கண்ணை ஒட்டிப் பார்த்தேன்.
வேலியோரம் ஒரு பிக்கப்பின் விளக்கு,
ஆரஞ்சுச் சட்டையில் நாலைந்து பேர்.
ஒருவன் மட்டும் தள்ளி நின்று
ஒரு காதைப் பொத்தி
மறு காதில் வெளிச்சம் பிடித்திருந்தான்.

இவர் என்னவோ கேட்டார்.
'ஒரு நிமிஷம் இருங்க' என்றேன்,
'வண்டி போயிரட்டும்.'

என் மடியிலிருந்த அரிசிப் பையை எடுத்துத்
தன் மடியில் வைத்துக்கொண்டார்.