ஐந்து ரேண்ட் அளவு

முதலில் பானெட்டில்
ஓர் ஐந்து ரேண்ட் காசளவு தேய்த்துப் பார்த்தேன்.
மேலே வெள்ளை. கீழே சிவப்பு.
சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு, கொஞ்சம் மட்டமானது.
பிறகு யாரோ அவசரத்தில் அடித்த பச்சை.
சாம்பல் பிரைமர்.
நடுவில் பாப்பாவாய்த் தகடு.
வண்டி என்னைத் திரும்பிப் பார்த்தது.

பியூஜோ 404. அறுபத்தேழாம் வருடத்தது.
ஐசிப்பிங்கோ ஏலத்தில் எடுத்தேன்.
யாருடையது என்று எழுதியிருக்கவில்லை,
நானும் கேட்கவில்லை.

லோகி சொன்னாள்,
"மேலாப்பல தேய்ச்சுட்டு அடிச்சுடு.
கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிறவன்
சுவரையா இடிக்கிறான்?"

ஜபுலானி, ஜேக்கப்ஸில் இருபது வருடம் டிங்கர் வேலை பார்த்தவன்,
ஒரு காந்தத்தை நூலில் கட்டி எடுத்துவந்தான்.
கதவு கதவாகத் தொங்கவிட்டான்.
ஒட்டிற்று. ஒட்டிற்று. ஒட்டிற்று.
இடது பின்கதவின் அடிப்பகுதிக்கு வந்ததும்
காந்தம் வாயைத் திறக்கவில்லை.
"பட்டி," என்றான். "முழுக்க உரி.
இல்லாவிட்டால் எவனோ சொன்ன பொய்க்கு
நீ பாலிஷ் போடுகிறாய்."

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் தொல்லை.
மெரேபேங்க் காற்றைக் கேட்கவேண்டாம்,
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எண்ணெய் ஆலை.
காலையில் உரித்த தகடு
சாயங்கால டீக்குள் மஞ்சள் பூத்துவிடும்.
உரிக்காமல் விட்டாலோ
அந்த இரண்டாம் சிவப்பு பிடி விட்டுக் கிடக்கிறது,
நகம் வைத்தால் அப்பளமாய் எழும்புகிறது.
அதன்மேல் என்ன பூசினாலும்
அது உதிரும் நாளில் கூடவே உதிரும்.

மூன்று சனிக்கிழமை
கையில் உப்புத்தாளோடு
பிரகாரம் வருகிறவன் மாதிரி
வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.
பக்கத்து வீட்டு தீனதயாளன் வேலிக்கு மேல் எட்டி,
"விக்கப் போறியா?" என்றான்.

நான்காம் சனி பொறுமை போனது.
அந்தக் கதவின் அடியில் உளியை வைத்தேன்.
பாளம் பாளமாய்ப் பெயர்ந்தது பட்டி,
ஒரு விரற்கடை கனம்.
பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்,
இங்கே சோற்றுக்குள் மீன்.
ஆமாம், மீன்.
தக்காளிச் சாற்றில் மத்தி அடைத்துவந்த தகரம்,
அதை வெட்டி, விரித்து, எட்டு ரிவெட் அடித்து
ஓட்டைக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.
வால் பாதி அரித்துப்போய்
முகம் மட்டும் புதுசாய்.
ஜபுலானி சிரித்துச் சிரித்து இருமினான்.
"சம்பளத்துக்கு முந்தின வாரம்," என்றான்.
எந்த வருடம் என்று சொல்லத் தேவையில்லை.

மீனை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம்.
முதுகெல்லாம் துரு.
வெட்டினோம்.
வெட்டிய பொந்துக்குள் டார்ச் அடித்தால்
கதவின் உள்பக்கம்
வெயிலே படாத நீலம்.
தொழிற்சாலையில் அடித்தது அடித்தபடி.

அப்புறம்தான் உறைத்தது.
பானெட்டில் நான் தோண்டிய கண்ணில் நீலம் இல்லை.
பானெட் வேறு வண்டியுடையது.
அடிவரை போகவேண்டும், அடிவரை என்று
நாலு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேனே,
இதற்கு ஓர் அடியா இருக்கிறது?
கதவுக்கு ஒன்று, பானெட்டுக்கு ஒன்று.
டிக்கியை இன்னும் தொடவேயில்லை.

அதனால் இப்போது முடிவு எதுவும் இல்லை, கணக்குதான்.
ஐந்து மணிக்கு ஈரம் இறங்கும்.
அதற்குள் எவ்வளவுக்குப் பிரைமர் அடிக்க முடியுமோ
அவ்வளவுதான் காலையில் உரிப்பது.
ஒரு நாளைக்கு ஒரு கதவு.
மழை என்றால் அதுவும் இல்லை.
கூரை உறுதியாய் இருக்கிறது, லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும்,
அங்கே லோகி ஜெயித்தாள்.

அவளைக் கூப்பிட்டு
பொந்துக்குள் அந்த நீலத்தைக் காட்டினேன்.
குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.
"எனக்குப் பிடிக்கல," என்றாள்.
உண்மையைச் சொன்னால், எனக்கும்தான்.

மணி நாலு நாற்பது.
ஜபுலானி பிரைமரைக் கலக்கியாகிவிட்டது.
தகடு இன்னும் வெள்ளையாய்த்தான் இருக்கிறது.